காற்றைக் குடித்த கார்

மேற்கு மலை தெற்கே ஓடி ஓடிக் களைத்துப்போய், கடலைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குகிறது. அந்த வாய்க்குத்தான் கணவாய் என்று பெயர், அது விடுகிற மூச்சு வைகாசியில் தொடங்கினால் புரட்டாசியில்தான் அடங்கும். கணவாய்க்குக் கிழக்கே இருக்கிற சாய்குடியில் அந்த நாலு மாதமும் மரங்கள் காற்றுக்குத் தோற்றுக் கிழக்கே சாய்ந்து நிற்கும், மனிதர்கள் தோற்க மனமில்லாமல் மேற்கே சாய்ந்து நடப்பார்கள், குழந்தைகள் நடை பழகும்போதே சாய்ந்து பழகும். அங்கே யாரும் மெதுவாகப் பேசியது கிடையாது. மெதுவாகச் சொன்ன சொல்லைக் காற்று ரயில் கேட் தாண்டிக் கொண்டுபோய்விடும் என்பதால் புருஷன் பெண்டாட்டியிடம் உப்பு கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே குரலில்தான் நடக்கும்.

அந்த ஊரில் நயினார் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். ரயில் கேட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, உள்ளே ஒரு வெல்டிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், ஆணியில் அடுக்கடுக்காக ஸ்பேனர்கள். கையில் வித்தை இருந்தது, பெயரில் ஒரு கறை இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவாய்க்கு அந்தப் பக்கத்துத் தோவாளைப் பூ வியாபாரி ஆவுடையம்மாள் ரிப்பேருக்கு விட்ட வேன், வேலை முடிந்து நின்ற கொட்டகையிலிருந்து காணாமல் போனது. விடிந்து வந்து பார்த்தால் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது, அதையும் நயினார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அழித்துவிட்டது. போலீஸ் அவனைப் பதினோரு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தது. அவன் மனைவி சண்முகவடிவு நாலு மைல் மேற்கே, எதிர்காற்றில், தூக்குச்சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தினமும் சோறு கொண்டுபோனாள். பதினோராம் நாள் சாட்சி இல்லை என்று அவனை விட்டார்கள், அவளைப் பிடித்த இளைப்பு விடவில்லை. அன்றிலிருந்து காற்றுக் காலம் வந்தால் அவள் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கும். படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஊரும் நயினாரைத் திருடன் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், வேலை முடிகிறவரை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படி உட்காராதவன் ஒரே ஒருத்தன், கொம்பையா. பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து திரிந்தவன். நயினார் ஸ்டேஷனில் இருந்த பதினோரு நாளும் சைக்கிள் மிதித்து வந்து கம்பிக்கு வெளியே நின்று அழுதவன், விட்ட அன்று பின்சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தவன். அடுத்த வருஷம் பெண்டாட்டி வீட்டு நிலம் விற்ற பணம் என்று சொல்லி ஒரு பழைய டீசல் அம்பாசடர் வாங்கி டாக்சி ஓட்டினான். கிழக்கே போகும்போது அந்தக் காரைக் காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். மேற்கே கணவாய் மேட்டில் நாலு பேரை ஏற்றினால் இரண்டாம் கியரைத் தாண்டாது. பாதி மேட்டில் இரண்டு பேர் இறங்கித் தள்ளுவார்கள், இறங்கியவர்கள் பாதி வாடகைதான் தருவார்கள்.

ஒரு வைகாசிக் காலையில் கொம்பையா ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தான். அவிழ்த்தால் உள்ளே நத்தைக் கூடு மாதிரி சுருண்ட இரும்பு ஒன்று, எஞ்சினுக்குள் காற்றை இழுத்துத் திணிக்கிற சாமான்.

"டர்போல. மதுரையில பழைய இரும்புக் கடையில கெடந்துது. நம்ம வண்டிக்கு மாட்ட முடியுமான்னு பாரு."

நயினார் அதைத் தூக்கிப் பார்த்தான். எந்த எஞ்சினுக்கு உரியது என்று சொல்லும் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டு ராவிய தழும்புதான் இருந்தது. பழைய இரும்புக் கடைக்கு வருகிற சாமானில் பாதிக்கு அந்தத் தழும்பு உண்டு, அதனால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. தகடு இல்லாவிட்டால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். காற்று உள்ளே போகிற வாயில் வெர்னியரை வைத்து விசிறிச் சக்கரத்தின் குறுக்களவு எடுத்தான், கூட்டின் மேல் வார்ப்பில் பதிந்திருந்த எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படித்தான், தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான், முன்னும் பின்னும் தள்ளினான். ஆட்டம் இல்லை. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் சத்தமில்லாமல் ரொம்ப நேரம் சுற்றியது.

"ரெண்டரை லிட்டர் வேனு எஞ்சினுல இருந்தது மாதிரி தெரியுது. உன் வண்டி ரெண்டு லிட்டரு."

"அப்ப சேராதா?"

"ரொம்பப் பெரிசு போட்டா மேடு ஏறி முடிச்ச பொறவுதான் மூச்சு வரும். ரொம்பச் சிறிசு போட்டா எறக்கத்துலயே மூச்சு முட்டும். இது ஒரு நூல் பெரிசு, பாதகமில்ல. நெஞ்சு நல்லா இருக்கு, தொறந்து பாக்க வேண்டாம். நல்லா இருக்க நெஞ்சைத் தொறக்கவன் வைத்தியனே இல்ல."

கொம்பையா சிரித்தான். சிரிக்கும்போது வேறு பக்கம் பார்த்தான். அதை நயினார் அப்போது கவனிக்கவில்லை, பின்னால் ஆயிரம் தடவை கவனித்தான்.

ஒன்பது நாள் வேலை. எஞ்சினில் புகை வெளியேறுகிற வாய் ஒரு வடிவம், டர்போவின் வாய் வேறு வடிவம். இரண்டிலும் கிரீஸைத் தடவி அட்டையில் ஒற்றி எடுத்து, அரை அங்குல இரும்புத் தகட்டில் அந்த அட்டையை வைத்து வெட்டி, ஒரு பக்கம் கார் பேசுகிற பாஷையும் மறுபக்கம் டர்போ பேசுகிற பாஷையும் தெரிந்த ஒரு நடுத்தகடு செய்தான். எண்ணெய் அழுத்தம் பார்க்கிற இடத்தில் ஒரு கிளை வைத்துச் செம்புக் குழாயில் டர்போவுக்கு எண்ணெய் கொடுத்தான். திரும்பி வரும் எண்ணெய்க்கு அடியில் எண்ணெய்த் தொட்டியைத் துளைத்து, கட்டைவிரல் கனத்தில் ஒரு குழாயைச் சரிவாகப் பற்றவைத்தான். "உள்ள அனுப்புதது பம்போட வேலை, வெளிய வாரது பூமியோட வேலை, அதுனால சரிவு முக்கியம்" என்று கொம்பையாவுக்குச் சொன்னான். டிராக்டர் ரேடியேட்டர் ஹோசை அறுத்துக் காற்றுக் குழாயாக்கினான். டீசல் பம்பின் திருகைக் கால் சுற்று கூட்டினான். எல்லாவற்றையும் ஒரே அளவு ஸ்பேனரில் கழற்றும்படி அமைத்தான்.

பத்தாம் நாள் முற்பகல், காற்று தகரக் கூரையைப் பிய்த்தெடுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கொம்பையா சாவியைத் திருகினான். நயினார் ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தான். டர்போ மெல்ல ஆரம்பித்து, குயில் குஞ்சு போல் விசிலடித்து, மேலே மேலே போய், காதுக்கு எட்டாத உயரத்தில் நின்றது.

ஊரில் காற்று நின்றது.

மேற்கே குளக்கரையிலிருந்து கிழக்கே ரயில் கேட் வரைக்கும், கட்டிய கயிற்றை அறுத்த மாதிரி நின்றது. அந்த நேரம் தெருவில் நடந்துகொண்டிருந்த பதினேழு பேர் மேற்கே பார்த்து முகம் குப்புற விழுந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்து, "நிக்கிது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். டீக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக டீயைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றினார், ஒரு சொட்டும் பக்கத்துக் கடைக்குப் போகவில்லை. எஞ்சினை நிறுத்திய கால் மணி நேரத்தில் காற்று திரும்பி வந்தது, மறுபடி ஓட்டியதும் மறுபடி நின்றது. அந்தக் கார் குடிக்கிற காற்று வெளியே வருகிற புகையை விட எத்தனையோ மடங்கு அதிகம் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒரு கணக்குச் சொன்னார், கேட்டவர்கள் சரிதான் என்றார்கள், அதோடு காரணம் தேடுகிற வேலை முடிந்தது.

அடுத்து வந்த வாரங்களில் சாய்குடி நேராக நிற்கப் பழகியது. முதலில் இடுப்பு வலித்தது, பிறகு சரியாகிவிட்டது. எப்போதும் ஈரமாவில் கோலம் போட்ட பெண்கள் கோலப்பொடி வாங்கிவந்து, பொடி போட்ட இடத்திலேயே கிடப்பதைக் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். நாவிதர் வெட்டிய முடியைக் கூட்டி அள்ள ஒரு துடைப்பம் வாங்க வேண்டிவந்தது. தெற்குத் தெருவில் மூன்று மாதமாகச் சாகக் கிடந்த ஒரு பெரியவர், "காத்து நிக்கட்டும், நேராப் போவணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு திங்கட்கிழமை காலையில் கார் ஓடிக்கொண்டிருந்தபோது தலையணையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு நேராகப் போனார். அதுவரை ஊரில் இல்லாத சாமான் ஒன்றும் வந்தது, ரகசியம். மெதுவாகப் பேசினாலும் கேட்கிறது என்று தெரிந்ததும் ஆட்கள் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாகப் பேசிய எல்லாம் அசையாத காற்றில் சுவர் விட்டுச் சுவர் கேட்டது.

நெல் தூற்றுகிற பெண்கள் மட்டும் காற்று வேண்டும் என்று சண்டைக்கு வந்தார்கள். ஊர்த்தலைவர் உச்சிமாகாளி கூட்டம் போட்டு, காலை ஆறு முதல் ஒன்பதும் மாலை நாலு முதல் ஏழும் கார் ஓடும், மற்ற நேரம் காற்று ஓடும் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்கு ஒரு பாட்டில் டீசல் முறைவைத்து வந்தது. குளக்கரைக்கு இந்தப் பக்கம் நின்ற மின்சாரக் காற்றாடிகள் அந்த நேரங்களில் வேலைநிறுத்தம் செய்தன. அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் வந்து, கிண்ணம் சுற்றுகிற ஒரு கருவியை உயர்த்திப் பிடித்து, அது சுற்றாததைப் பார்த்து, டீ குடித்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையும் கூட்டிவந்தார்.

கார் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அம்மன் கோயில் முன்னால் நின்று உறுமினால் போதும். கொம்பையா டிரைவர் சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கல்யாண வீடுகளில் அவனுக்கு முதல் பந்தி, கோயிலில் அவனுக்குத் துண்டு. "கொம்பையா காரு", "கொம்பையா புண்ணியம்" என்றுதான் பேச்சு. நயினார் கூட்டத்தோடு நின்று அதைக் கேட்டான். கேட்டபோது முள் மாதிரி ஒன்று குத்தியது, குத்தியதற்காக அவன் தன்னைத்தானே ஏசிக்கொண்டான். ஏனென்றால் வீட்டில் வடிவு பாயில் முதுகு பதித்துப் படுத்திருந்தாள். சாயங்காலக் காற்று நின்றதும் படுப்பாள், நெஞ்சில் விசில் இல்லாமல் மேலும் கீழும் ஏறி இறங்கும் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு நயினார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு காட்சிக்காகக் கொம்பையாவை அவன் தோளில் தூக்கிச் சுமக்கக்கூடத் தயாராக இருந்தான்.

ஆனி கடைசியில் காரின் புகை நீலமாக வந்தது. திரும்பும் குழாயில் கசடு சேர்ந்து எண்ணெய் தேங்கியிருக்கிறது, சீல் போயிருக்கிறது என்று நயினார் பார்த்த உடனே சொன்னான். மத்தியானக் காற்று நேரத்தில் டர்போவைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய், அன்றைக்குத் திறக்க வேண்டாம் என்று விட்ட நெஞ்சைத் திறந்தான். விசிறிச் சக்கரத்தைக் கழற்றி, வளையத்தை எடுத்து, தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்குகிற சின்னப் பித்தளைத் தகட்டை வெளியே எடுத்து டீசலில் கழுவினான்.

தகட்டின் பின்பக்கத்தில், குத்தூசியால் புள்ளி புள்ளியாக அடித்த ஒரு 'வ' இருந்தது.

நயினாருக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து, தான் திறந்து சரிசெய்கிற எந்த எஞ்சினிலும் வெளியே தெரியாத ஓரிடத்தில் வடிவின் பெயரில் முதல் எழுத்தைக் குத்திவைப்பான். இது அவளுக்கே தெரியாது, கொம்பையாவுக்கும் தெரியாது. இந்த டர்போவுக்கு முன்னால் அவன் தன் வாழ்நாளில் திறந்த டர்போ ஒன்றே ஒன்றுதான், ஆவுடையம்மாளின் பூ வேனில் இருந்தது.

அவன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். கூரை படபடவென்று அடித்தது. வேன் சாவி தொங்கிய ஆணி எது என்று தெரிந்தவன் யார்? பெண்டாட்டி வீட்டு நிலம் எங்கே இருந்தது, எந்த ஊர், யாராவது பார்த்திருக்கிறார்களா? அரம் போட்ட தழும்பு பளபளவென்று புதிதாக இருந்ததே! பதினோரு வருஷம் வைக்கோலுக்குள்ளோ பரண் மேலோ ஒளித்துவைத்த சாமானை எடுத்து, அடையாளத் தகட்டை ராவி, அதை மாட்டத் தெரிந்த ஒரே ஒருத்தனிடம், அதற்காகவே ஸ்டேஷனில் அடி வாங்கியவனிடம், மாட்டித் தா என்று கொண்டுவந்து வைக்க ஒரு மனுஷனுக்கு எப்படிக் கை நீளும்? அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. கம்பிக்கு வெளியே நின்று கொம்பையா அழுத அழுகைதான் நினைவுக்கு வந்தது, அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கொம்பையா வந்து வாசலில் நின்றான்.

"என்னல ஆச்சு? நாலு மணிக்கு ஓட்டணும்லா."

"சீல் போயிருக்கு. மாத்திரலாம்." நயினார் தகட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். "கொம்பையா, மதுரையில எந்தக் கடையில வாங்குன?"

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அவன். "தெக்குவாசல்ல, பாலத்துக்குக் கீழ. ஒரு கெழவன். கண்ணாடியை நூல் கட்டி மாட்டியிருந்தான். மொதல்ல தரமாட்டேன்னான், பொறவு எனக்கு ஒரு வெத்தலையை மடிச்சுக் குடுத்துட்டுத் தந்தான். நல்ல மனுசன்."

கண்ணாடிக்கு நூல் கட்டிய கிழவனையும் அவன் மடித்த வெற்றிலையையும் கேட்டுக்கொண்டே நயினார் தலையாட்டினான். ஒரு சொல்லில் அவன் திக்கியிருந்தால், எச்சில் விழுங்கியிருந்தால், அப்போதே அங்கேயே எல்லாவற்றையும் மன்னித்திருக்கலாம் என்று பட்டது. வேனைத் திருடியதைவிட அந்த வெற்றிலைதான் அவனை அறுத்தது.

அவன் சீலை மாற்றினான், குழாயைக் கசடு போகக் குடைந்தான், அந்தத் தகட்டையே திரும்ப உள்ளே வைத்து மூடினான். நாலு மணிக்குக் கார் ஓடியது, காற்று நின்றது, வடிவு படுத்தாள். அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான், இந்தத் தடவை பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்படி ஒரு மாதம். ஆடி பிறந்து, காற்று ஆண்டிலேயே உக்கிரமாக அடிக்கிற நாட்கள் வந்தன. தினமும் கொம்பையாவின் காருக்கு எண்ணெய் பார்த்து, போல்ட் முறுக்கி, அவன் கொடுத்த டீயையும் குடித்தான்.

ஆடிக் கடைசிச் செவ்வாய் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அன்று காலை கோயில் முன்னால் பெரியவர்கள் கூடி, கொம்பையாவுக்கு முதல் மரியாதை என்று முடிவு செய்தபோது, நயினார் முன்னால் வந்து நின்றான். உச்சிமாகாளியிடம் பேச ஆரம்பித்தான். வேன், ஆணி, தகடு, எழுத்து, எல்லாவற்றையும் சொன்னான். கார் பத்தடி தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. கொம்பையா டீசல் வாங்கப் போயிருந்தான். கேட்டவர்கள் யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஒருவர் மேல்துண்டை மடித்தார். இன்னொருவர் செருப்பைப் பார்த்தார்.

"வே நயினாரு," என்றார் உச்சிமாகாளி கடைசியில், ரொம்பப் பிரியமாக. "அப்பவே எங்களுக்கும் ஒரு மாதிரி தோணத்தான் செஞ்சுது. விடியக்காலம் அவன் வேனுல வடக்க போனதை நம்ம சுப்பையன் கண்டிருக்கான். எதுக்கு வம்புன்னு விட்டாச்சு."

"கண்டியளா?" என்றான் நயினார். "கண்டுட்டா என் கொட்டகையில ஸ்டூலைப் போட்டுக் காவல் இருந்தியோ?"

"ஏ, பழசு அது. இப்ப அதைக் கெளப்புனா போலீசு வரும், அந்த மெசினைக் கழட்டிட்டுப் போயிரும். ஊரு என்னத்துக்கு ஆகும்? பந்தலைப் பாரு, காயிதப் பூவைப் பாரு. உம் பொண்டாட்டிக்கும் நல்லதுதானவே. நீரே ஆற அமர யோசியும். கொடை முடியட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினார்கள், அவர்களில் ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். நயினார் திரும்பி வீட்டுக்கு நடந்தான். நேராக நிற்கிற ஊரில் அவன் ஒருத்தன் மட்டும் இல்லாத காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நடந்தான்.

அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அசையாத காற்றில் கோயில் முன்னால் பேசியது சுவர் விட்டுச் சுவராக மேற்குத் தெருவுக்கு வந்துவிட்டது. வடிவு வாசலில் பொடிக் கோலத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு மாசமாவா தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ படுத்துத் தூங்குனதை நான் பதினோரு வருசமாப் பாக்கலல்லா, வடிவு."

அவள் உள்ளே போய், கை கழுவி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஸ்பேனரு எங்க?"

"வேண்டாம். உனக்கு மூச்சு—"

"மூச்சு என் மூச்சு. எப்படி விடணும்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு குடுக்கதை வாங்கி நான் விட மாட்டேன். எங்க வச்சிருக்கிய, சொல்லுங்க."

இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். கூட்டம் கூடியிருந்தது, மேளம் தொடங்கியிருந்தது, தட்டில் கற்பூரம் குச்சி மாதிரி நேராக எரிந்தது. கொம்பையா கழுத்தில் மாலையோடு காரில் சாய்ந்து நின்றான். வடிவு அவனைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து, சாவியைத் திருகி எடுத்தாள். டர்போ மேலே இருந்து இறங்கி இறங்கி, ஒரு பெருமூச்சோடு அடங்கியது. மேளம் தானாக நின்றது. காற்று வருவதற்குக் கால் மணி நேரம் இருந்தது.

"தங்கச்சி, என்ன இது? நல்ல நாளும் அதுவுமா..." என்றான் கொம்பையா.

"அண்ணே," என்றாள் வடிவு. கத்தவில்லை, கத்த வேண்டிய அவசியம் இல்லை, ஊருக்கே கேட்டது. "நான் சோறு கொண்டு போன பதினோரு நாளும் நீங்க என்னைத் தாண்டி சைக்கிள்ல போனிய. தூக்குச்சட்டியைக் குடு தங்கச்சின்னு ஒருநாள் கேக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனிய. எதிர்க்காத்துக்குத்தான் அண்ணன் தலையைக் குனியுதாருன்னு நான் நெனச்சேன்."

கொம்பையா மாலையைக் கழற்றப் பார்த்தான், அது காதில் மாட்டிக்கொண்டது. அவன் வாய் திறந்தது, வெற்றிலை மடித்த கிழவனைப்போல் ஒருவனும் அப்போது உதவிக்கு வரவில்லை.

நயினார் பானெட்டைத் தூக்கினான். இரும்பு கனன்றுகொண்டிருந்தது. நனைத்த சாக்கைப் போட்டு, ஒரே ஸ்பேனரில் எண்ணெய்க் குழாய் இரண்டையும், ஹோஸ் கிளிப்பையும், நடுத்தகட்டின் நாலு நட்டுகளையும் கழற்றினான். உள்ளங்கைத் தோல் இரண்டு இடத்தில் பொசுங்கியது, அவனுக்கு அது வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. யாரும் தடுக்கவில்லை. யாரும் உதவவும் இல்லை. "நாளைக்குக் கழட்டக் கூடாதா", "கொடை முடிஞ்சு கழட்டக் கூடாதா" என்று முணுமுணுப்பு மட்டும் கேட்டது. "தன் சொந்த ஊருக்கே இப்படித் துரோகம் பண்ணுதானே" என்று ஒரு குரல், ஸ்டூல் போட்டு உட்கார்ந்த குரல்களில் ஒன்று, தெளிவாகச் சொன்னது. நயினார் நிமிர்ந்து பார்க்கவில்லை. டர்போவைச் சாக்கில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டான்.

"தோவாளைக்குப் போவோம்," என்றாள் வடிவு. "சாமான் யாருதோ அவங்க கையில குடுப்போம்."

அவர்கள் குளக்கரை தாண்டும்போது காற்று வந்தது. ஒரு வைகாசியும் ஒரு ஆனியும் ஒரு ஆடியும் குடித்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி வந்தது. பின்னால் பந்தல் எழும்பி ரயில் கேட்டை நோக்கிப் போனது, நேராக நிற்கப் பழகியிருந்த ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கிழக்குப் பக்கமாக மல்லாந்து விழுந்தது. நயினாரும் வடிவும் சாய்ந்துகொண்டார்கள். பத்தடிக்கு ஒரு தடவை அவள் நின்றாள். நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்திருந்தது. அவள் மூச்சு வாங்கி முடிகிறவரை அவன் சாக்கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான்.

மூன்றாவது தடவை நின்றபோது அவன் திரும்பிப் பார்த்தான். நூறடி பின்னால் கொம்பையா வந்துகொண்டிருந்தான். விழுந்து எழுந்து, பாதி பிய்ந்த மாலையோடு, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து எதையோ கத்திக்கொண்டு வந்தான். வாய் அசைவது தெரிந்தது, கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. ஒரு சொல்கூட மேற்கே வரவில்லை. அவன் வாயிலிருந்து வந்ததை எல்லாம் காற்று அங்கேயே பறித்துக் கிழக்கே கொண்டுபோனது. எட்டு மைலுக்கு அப்பால் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மத்தியில், யாரோ ஒரு ஆண் தொண்டை கிழியப் பேசியது வந்து விழுந்ததாகவும், அது மன்னிப்பா சாக்குப்போக்கா என்று அவர்களுக்குள் இருட்டும்வரை வாக்குவாதம் நடந்ததாகவும் பின்னால் சொன்னார்கள்.

"என்ன சொல்லுதாரு?" என்று வடிவு கேட்டாள். காற்றில் கேட்கும்படி அவன் காதருகே வாய் வைத்துக் கத்தினாள்.

"கேக்கல," என்று நயினார் கத்தினான்.

அவள் இன்னும் இரண்டு மூச்சு வாங்கினாள். பிறகு சாக்கின் ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள், இருவரும் கணவாயைப் பார்த்து நடந்தார்கள்.